டெஸ்ஸாவின் ஐந்து வருஷம்

லாரல் ஃபோர்க், கென்டக்கி
ஆகஸ்ட் 14, 2023

அன்புத் தங்கச்சி ஒலேட்டாவுக்கு,

அண்ணன் ஆர்வில் சொல்ல, பேத்தி டெஸ்ஸா எழுதுகிற கடிதம். மேலே இவள் தேதி போட்டிருக்கிறாள். எண்ணாகச் சொன்னால் எனக்கு மனசில் நிற்காது. பெரிய வெள்ளம் வந்து பள்ளிக்கூடத்துப் பாலத்தைக் கொண்டுபோனதற்கு மறு வருஷம். படிப்புக் கடனில் ஒரு பங்கைத் தள்ளிவிடுகிறோம் என்று வாஷிங்டன்காரர்கள் சொன்னதைப் பெரிய கோர்ட்டு செல்லாது என்று சொன்ன கோடை. தபால்கார டெல்மரின் வண்டியில் மான் மோதிக் கண்ணாடி போனதும் இந்தக் கோடையில்தான். அப்படி வைத்துக்கொள்.

எனக்கு மூச்சு பரவாயில்லை. சுரங்கக் கரித்தூசி நெஞ்சை விட்டு இறங்குவதாக இல்லை, ஆக்சிஜன் உருளையோடு சினேகமாகிவிட்டேன். டேட்டனில் உன் இடுப்பு எப்படி இருக்கிறது? போனில் கத்தினால் இங்கே மலைக்குத்தான் கேட்கிறது. உன் காதைத்தான் அந்தத் தொழிற்சாலைப் பிரஸ் மெஷின் தின்றுவிட்டதே. அதனால் காகிதம்.

விஷயம் இதுதான். டெஸ்ஸாவுக்கு இருபத்தொன்பது முடிந்தது. ஹஸார்டில் போதை மீட்பு இல்லத்தில் வேலை, மணிக்குப் பதிமூன்றரை டாலர். பாதியில் விட்ட நர்ஸ் படிப்புக்கு வாங்கிய ஒன்பதாயிரம் கடன் அப்படியே நிற்கிறது. இப்போது மனித சேவைப் படிப்பு என்று ஒன்றை முடிக்க வேண்டுமாம். கம்ப்யூட்டரிலேயே இரண்டு வருஷம். அதற்கு இருபத்தாறாயிரம் கடன். முடித்தால் மணிக்குப் பதினேழு.

"அதுல என்னடி சொல்லித் தருவாங்க?" என்று கேட்டேன்.

"ஜனங்களுக்கு எப்படி உதவுறதுன்னு, தாத்தா."

"அதைத்தானே இப்பவும் பண்றே."

"இப்ப பண்றதுக்குப் பேரு கிடையாது. படிச்சா பேரு உண்டு."

"ஒரு பேருக்கு இருபத்தாறாயிரமா? எனக்கு எங்கப்பா சும்மாவே பேரு வச்சாரு."

யூனியன் ஆபீசில் சந்தாக் கணக்குப் பார்த்தவள் நீ. இதையும் கணக்குப் போட்டுச் சொல். நீ சொல்கிறபடி நடப்பதாக இவள் ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

(ஒப்புக்கொள்ளவில்லை, அத்தைப் பாட்டி. காது கொடுத்துக் கேட்பேன் என்றுதான் சொன்னேன். டெஸ்ஸா.)

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
ஆர்வில்


டேட்டன், ஒஹாயோ
செப்டம்பர் 6, 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒலேட்டா எழுதுவது. கடிதம் கிடைத்தது. இடுப்பு இருக்கிற இடத்தில் இருக்கிறது. உருளையை அடுப்புப் பக்கம் வைக்காதே என்று போன வருஷமே சொன்னேன். கேட்டிருக்க மாட்டாய்.

டெஸ்ஸா, இதை நடுவில் நிறுத்தாமல் வாசித்துக் காட்டு. பிடிக்காத இடம் வந்தால் இருமாதே.

மணிக்கு மூன்றரை டாலர் கூடுகிறது. வருஷத்துக்கு ஏழாயிரத்துச் சொச்சம், வரி போக ஐயாயிரத்து எழுநூறு. பழைய கடனும் புதுக் கடனும் சேர்த்தால் முப்பத்தைந்தாயிரம். பத்து வருஷத்தில் அடைக்க, வட்டியோடு மாதம் நானூறு. கழித்துப் பார். கையில் நிற்பது மாதம் எழுபத்தைந்து டாலர். லாரல் ஃபோர்க்கிலிருந்து ஹஸார்டுக்குப் போய்வருகிற வண்டிக்கு அந்தப் பணத்தில் டயர்கூட மாற்ற முடியாது. கடைசித் தவணை கட்டும்போது உனக்கு நாற்பது தாண்டியிருக்கும்.

ஒரு வழி உண்டு. சர்க்கார் கடனாக வாங்கி, சர்க்கார் ஆபீசிலோ தர்ம ஸ்தாபனத்திலோ பத்து வருஷம் வேலை செய்தால், சம்பளத்துக்குத் தக்கபடி கொஞ்சமாகக் கட்டிவரலாம். பத்து வருஷம் முடிந்ததும் மீதியைத் தள்ளிவிடுவார்கள். இது கோர்ட்டு தள்ளியதல்ல, வேறு, பழைய திட்டம். என் பக்கத்து வீட்டு ஆசிரியைக்கு அப்படித்தான் தீர்ந்தது. நீ வேலை செய்கிற இல்லம் யாருடையது? அதை விசாரித்து எழுது. எல்லாம் அதில்தான் இருக்கிறது.

சுகமாக இருங்கள்.

ஒலேட்டா


லாரல் ஃபோர்க்
அக்டோபர் 9, 2023

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் சொல்ல டெஸ்ஸா எழுதுவது. மலையில் இலை பழுத்துவிட்டது. காலையில் கொஞ்சம் இருமல், மற்றபடி சுகம். நீயும் சுகமென்று நம்புகிறேன்.

எழுபத்தைந்து டாலர் என்கிற இடத்தில் இவள் நின்றுவிட்டாள். "நிறுத்தாம வாசின்னு எழுதியிருந்தாளே" என்றேன். "அப்ப நீங்களே வாசிங்க" என்று காகிதத்தை என் மடியில் போட்டுவிட்டு நாய்க்குச் சோறு வைக்கப் போனாள். என்னைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது? நான் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "அன்புள்ள டெஸ்ஸா, உன் தாத்தா சொல்றதைக் கேளு" என்று சத்தமாக வாசித்தேன். அப்புறம்தான் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

அந்த இல்லம் ஒரு கம்பெனியுடையது. சொந்தக்காரர் ஹாஸ்கின்ஸ் என்று ஒருத்தர், டென்னஸிக்காரர். கடன் ஆபீசுக்குப் போன் போட்டு இவளே கேட்டாள். லாபத்துக்கு நடத்துகிற இடத்தில் பார்க்கிற வேலை அந்தப் பத்து வருஷத்தில் சேராதாம். இங்கே கவுண்டி சர்க்கார் ஆபீசில் ஆள் எடுத்து நாளாகிறது.

உன் கணக்கு சரி. ஆனால் இந்த வேலைமேல் இவளுக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று உனக்கும் தெரியும். இவள் அம்மா லோர்னா செத்ததை இவள் கையாலேயே எழுதவைக்க மாட்டேன். அதற்கு நீ என்ன விலை போடுவாயோ போட்டுக்கொள்.

குளிருக்கு முன்னால் ஜன்னலை அடைத்துவிடு.

அண்ணன்
ஆர்வில்


டேட்டன்
நவம்பர் 3, 2023

அன்புள்ள அண்ணனுக்கும் டெஸ்ஸாவுக்கும்,

ஒலேட்டா எழுதுவது. நான் சுகம். வாசல் ஓக் மரம் மொத்த இலையையும் ஒரே வாரத்தில் கொட்டிவிட்டது. அள்ள ஆள் கிடைக்கவில்லை, மழையில் ஊறி நாறுகிறது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் தன் இலையையும் என் பக்கம் ஊதித் தள்ளுகிறார்.

இனி விஷயம். எங்கள் தேவாலயத்துக்கு இரண்டு தெரு தள்ளி, போதையை விட்டு வருகிற பெண்களுக்காக ஒரு தர்ம ஸ்தாபனம் நடக்கிறது. நேரில் போய்க் கேட்டேன். டெஸ்ஸா மாதிரி மூன்று வருஷம் வேலை பார்த்தவள் என்றால் படிப்பு முடியும் முன்பே எடுத்துக்கொள்வார்கள். மணிக்குப் பதினாறு. அந்த வருஷங்கள் பத்தில் சேரும். இங்கே உள்ள கல்லூரியில் செலவும் குறைவு. என் மாடி அறை காலியாக இருக்கிறது. வாடகை வேண்டாம். சாப்பாடு நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிச் செய்தால் கடன் இவளைத் தின்னாது. வேறு எப்படிப் போட்டாலும் தின்னும். இரண்டு வாரம் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

அண்ணா, உனக்கு என்ன தோன்றும் என்று தெரியும். தெரிந்தே எழுதுகிறேன். பதில் போடு.

ஒலேட்டா


லாரல் ஃபோர்க்
டிசம்பர் 4, 2023

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் சொல்ல டெஸ்ஸா எழுதுவது. இங்கே ஒரு தரம் பனி விழுந்து கரைந்தது. உன் ஓக் இலைக் கதையைக் கேட்டு ரொம்ப நாளைக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த மனுஷனுக்கு நீயும் திருப்பி ஊதிவிடு. கணக்குப் பேச்சே இல்லாமல் இப்படி ஒரு கடிதம் போட்டதும் நல்லதுதான்.

இங்கே ஒரு வழி பிறந்திருக்கிறது. ஹாஸ்கின்ஸ் இவளைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். படிப்புச் செலவு இருபத்தாறாயிரத்தையும் பருவத்துக்குப் பருவம் அவரே கட்டுவாராம். புதுக் கடன் வேண்டாம். பதிலுக்கு இவள் ஐந்து வருஷம் அவரிடமே வேலை செய்ய வேண்டும், மணிக்குப் பதினைந்து. நடுவில் விட்டுப் போனால் அதுவரை கட்டியதை மொத்தமாக ஒரே தடவையில் திருப்பித் தர வேண்டும். ஒழுகுகிற கூரைக்கு ஓடு கிடைத்த மாதிரி எனக்கு இருந்தது. இவள்தான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"உனக்குச் சந்தோஷமில்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு தாத்தா. உங்க உருளையை மாத்தணும், எழுந்திருங்க" என்றாள்.

ஜனவரி முதல் வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். நீ என்ன நினைக்கிறாய்?

கிறிஸ்துமஸ் வாழ்த்து. உலர்ந்த ஆப்பிள் ஒரு பொட்டலம் டெல்மரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

அண்ணன்
ஆர்வில்


டேட்டன்
டிசம்பர் 13, 2023

திரு. டெல்மர் அவர்களுக்கு,

ஆர்வில் தங்கை ஒலேட்டா எழுதுவது. நீங்களும் வீட்டில் எல்லாரும் சுகமா? உங்கள் பெரிய அக்காவும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன்.

நவம்பரில் அண்ணனுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். அதில் ஓக் மரம் நான்கு வரி. அண்ணன் பதிலில் ஓக் மரம் மட்டும்தான் இருக்கிறது. என் கடிதங்களையெல்லாம் காபி டப்பாவில் போட்டுவைப்பார். டெஸ்ஸா வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து, அந்தக் கடிதத்தை எடுத்து முழுசாக வாசித்துக் காட்டுங்கள். டெஸ்ஸாவைத் திட்ட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். ஜனவரி முதல் வாரத்துக்கு முன்னால் இது நடக்க வேண்டும்.

உங்கள் தயவுக்கு நன்றி.

ஒலேட்டா


லாரல் ஃபோர்க்
ஜனவரி 20, 2024

தங்கச்சிக்கு,

இது டெல்மர் எழுத்து. பார்த்தாலே தெரியும், கோழி கிண்டின மாதிரி இருக்கும். பனிக்கட்டியில் பாதை அடைபட்டு மூன்று வாரம் தபால் வரவில்லை. உன் கடிதம் அவனுக்கே போன வாரம்தான் வந்து சேர்ந்தது. ஜனவரி முதல் வாரம் போயே போய்விட்டது. எனக்கும் நெஞ்சில் சளி கட்டிப் படுத்திருந்தேன். இப்போது எழுந்து உட்கார்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

நவம்பர் கடிதம் டப்பாவில் மேலாகவே கிடந்தது. இவள் ஒளித்துக்கூட வைக்கவில்லை. எழுத்தறியாத என்னிடம் எதற்கு ஒளிக்க வேண்டும், சொல்? அன்றைக்கு வாசித்தது சீக்கிரம் முடிந்தபோது, குளிரில் உனக்குக் கை வலிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டெல்மர் வாசித்து முடித்துவிட்டு, "அண்ணே, அப்படியே திருப்பி வச்சிடவா?" என்று கேட்டான். வை என்றேன்.

அவள் மறைத்தது எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. சாயங்காலம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பீன்ஸும் சோள ரொட்டியும் தின்கிறோம். உப்புப் போதுமா என்று கேட்கிறாள். போதும் என்கிறேன். ஹாஸ்கின்ஸ் தாளில் கையெழுத்துப் போட்டாயா என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் இதெல்லாம் வெளியே வரும். போடவில்லை என்றால் அந்த மாடி அறைக்கு நான்தான் போகச் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வருமா என்று இன்னும் தெரியவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்த அறை இவளுக்காகக் காலியாக இருக்கிறதா, இல்லை உனக்கு ஆள் வேண்டுமா? இலை அள்ள ஆளில்லை என்று எழுதியவள் நீ. உண்மையை எழுது. டெல்மர் பெயருக்குப் போடு.

அண்ணன்


டேட்டன்
பிப்ரவரி 5, 2024

அண்ணனுக்கு,

டெல்மர் வாசித்துக் காட்டுவார் என்று நம்பி எழுதுகிறேன். சளி இறங்கியதா? வெந்நீர் ஆவி பிடி.

கேட்டாய், சொல்கிறேன். அக்டோபரில் சமையல்கட்டில் விழுந்தேன். இடுப்பில் இரும்புத் தகடு வைத்திருக்கிறார்கள். பிடித்து நடக்க நாலுகால் சட்டம் கொடுத்திருக்கிறார்கள். மாடிக்கு ஏறி நான்கு மாதமாகிறது. என் பையன்கள் இரண்டு பேரும் அரிசோனாவில். வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லம் போ என்று எழுதுகிறார்கள். டெஸ்ஸா வந்தால் போக வேண்டாம். ஆமாம், அதையும் நினைத்துத்தான் எழுதினேன். தர்ம ஸ்தாபனத்துக்கு நேரில் போனேன் என்றேனே, அதுவும் பொய். பக்கத்து வீட்டு ஆசிரியையைத்தான் அனுப்பினேன்.

கணக்குப் போட்டவள் கோணலானவள். கணக்கில் கோணல் இல்லை. ஹாஸ்கின்ஸ் சொல்வது என்ன தெரியுமா? ஒவ்வொரு பருவத்துக்கும் அவர் பணம் கட்டக் கட்ட, இவள் காலில் கயிறு தடிக்கும். முதல் பருவத்தில் ஆறாயிரத்து ஐந்நூறு, இரண்டாவதில் பதிமூன்றாயிரம். அப்புறம் மேலதிகாரி எது சொன்னாலும் தலையாட்டத்தான் வேண்டும்.

நீயும் யோக்கியன் இல்லை, அண்ணா. போகச் சொல்ல வாய் வருமா என்று தெரியவில்லை என்கிறாய். நான் டேட்டனுக்கு பஸ் ஏறிய அன்று, அம்மா வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என்னை ஏற்றிவிட்டது நீ. அப்போது உன் வாய்க்கு வந்ததே.

டெஸ்ஸாவிடம் கேள்.

ஒலேட்டா


லாரல் ஃபோர்க்
மார்ச் 2, 2024

தங்கச்சிக்கு,

டெல்மர் எழுதுகிறான். நீ விழுந்ததை எழுதாமல் விட்டதற்கு உன்னைத் திட்ட வேண்டும். அப்புறம் திட்டுகிறேன். தகடு வைத்த இடம் நோகிறதா?

கேட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரம்.

"ஒலேட்டா மாடி அறைக்கு நீ போ. நான் டெல்மரை வச்சு ஓட்டிக்கிறேன்" என்றேன்.

கரண்டியை வைத்துவிட்டாள். "யாரு வாசிச்சுக் காட்டினது?"

"யாரு வாசிச்சா என்ன? நீ வாசிக்கலே."

"தபால்காரரா? ஊர்க் கடிதம் பூரா உடைச்சுப் படிக்கிறதுதான் அவர் உத்தியோகமா?" (என்னை இதை எழுதச் சொல்கிறார், ஒலேட்டா அக்கா. எழுதிவிட்டேன். டெல்மர்.)

"அவனை விடு. போறியா, மாட்டியா?"

"முடியாது தாத்தா. ஜனவரி நாலாம் தேதியே கையெழுத்துப் போட்டுட்டேன். ஹாஸ்கின்ஸ் முதல் பருவத்துக்குக் கட்டியாச்சு."

பாதை அடைபட்டுக் கிடந்த அதே சமயம். அதற்கு முதல் நாளே பனி தள்ள வந்த லாரியில் ஏறி ஹஸார்டுக்குப் போய், நான்கு நாள் இல்லத்திலேயே தங்கி வேலை பார்த்தாளே, அப்போது.

"ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா?"

"கேட்டா போன்னு சொல்லுவீங்க. போன்னு சொல்லிட்டு உருளையை யாரு மாத்துறதுன்னு சுவரைப் பாத்துக்கிட்டு உட்காருவீங்க. அங்க அத்தைப் பாட்டி என்னை வச்சு மாடிப்படி ஏறலாம்னு பாக்குறாங்க. பன்னி அறுத்து முடிச்சு, தொடை யாருக்கு, விலா யாருக்குன்னு பங்கு போடுவீங்களே, அந்த மாதிரி ரெண்டு பேரும் என்னைப் பங்கு போடுறீங்க."

நீ விழுந்த விஷயத்தை நான்தான் சொன்னேன். அதை வைத்தே என்னை அடித்தாள். எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. உருளையைத் திருகிக் கூட்டிவைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு நாள் இல்லத்திலேயே படுத்திருந்தாள். வியாழக்கிழமை வந்தாள். ஒன்றும் நடக்காத மாதிரி முட்டை பொரித்துக் கொடுத்தாள்.

ஐந்து வருஷம், ஒலேட்டா. டாக்டர் எனக்கு இரண்டு வருஷம்கூடச் சொல்லவில்லை. செத்தவனுக்காக இவள் மூன்று வருஷம் அங்கே கட்டுப்பட்டுக் கிடக்கப்போகிறாள்.

அண்ணன்


லாரல் ஃபோர்க்
மார்ச் 17, 2024

அன்புள்ள அத்தைப் பாட்டிக்கு,

டெஸ்ஸா எழுதுவது. யாரும் சொல்லி எழுதவில்லை. தாத்தா தூங்குகிறார். மூச்சு இந்த வாரம் கொஞ்சம் தேவலாம். உங்கள் இடுப்புக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்திருப்பார்கள், விடாமல் செய்யுங்கள்.

உங்கள் கடிதத்தை மறைத்தது தப்புதான். அன்றைக்கு முதல் பத்தி வாசித்துவிட்டு அடுத்ததைக் கண்ணால் பார்த்தேன். தாத்தா சிரித்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் வாசிக்க முடியவில்லை.

எழுபத்தைந்து டாலர் கணக்கு சரி. அதை நான் உங்களுக்கு முன்பே போட்டிருந்தேன். எனக்கு எண்பத்திரண்டு வந்தது. எனக்கு வேண்டியது என்ன என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை, அதனால் சொல்கிறேன். அம்மா போதை ஊசியோடு குளியலறையில் செத்துக் கிடந்ததைப் பார்த்தபோது எனக்குப் பதினான்கு வயது. போலீஸ்காரர்கள் வந்தார்கள், போனார்கள். கவுண்டி ஆபீசிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். தாத்தா சுரங்க வேலை முடிந்து வருகிறவரை என் பக்கத்தில் படியில் உட்கார்ந்திருந்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. தன் வீட்டுக்குப் போன் போட்டு, "நீங்க சாப்பிடுங்க, எனக்கு நேரமாகும்" என்று மட்டும் சொன்னார். அந்த வேலைதான் எனக்கு வேண்டும். அதற்கு அந்தப் படிப்பைக் கேட்கிறார்கள்.

ஹாஸ்கின்ஸ் கையெழுத்து வாங்கிய மறு மாதமே இரண்டு பேரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். இப்போது எனக்கு மட்டும் நாற்பது பேர். ஒருத்தர் பக்கத்தில் பத்து நிமிஷம் உட்கார முடியவில்லை. போன வாரம் ஒரு பையன் பேச வந்தான். அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று அனுப்பிவிட்டேன். அவன் அப்புறம் வரவில்லை. விட்டுப் போகலாம் என்றால் ஆறாயிரத்து ஐந்நூறு. ஆகஸ்டில் அடுத்த பருவத்துக்குக் கட்டிவிட்டால் பதிமூன்றாயிரம்.

கையெழுத்துப் போட்டது நான். நீங்களும் தாத்தாவும் இதற்காகச் சண்டை போட வேண்டாம். என்னை யாரும் மீட்க வேண்டாம்.

அன்புடன்
டெஸ்ஸா


லாரல் ஃபோர்க்
ஜூன் 3, 2024

அன்புத் தங்கச்சி ஒலேட்டாவுக்கு,

அண்ணன் ஆர்வில் சொல்ல, டெஸ்ஸா எழுதுவது. இனி இவள் முதுகுக்குப் பின்னால் எழுத்தில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மூச்சு மட்டாக இருக்கிறது. நாலுகால் சட்டத்தை விட்டுக் கம்பு ஊன்றி நடக்கிறாய் என்று ஆசிரியை டெஸ்ஸாவுக்கு எழுதினாராம். கேட்டுச் சந்தோஷப்பட்டேன்.

போன வாரம் கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைக்கிற நாளன்று, டெல்மர் வண்டியில் நம் குடும்பக் கல்லறை மேட்டுக்குப் போனேன். அங்கே இரண்டு பேர் அளவுக் கம்போடு நின்றார்கள். வெள்ளத்தில் வீடு போனவர்களெல்லாம் இப்போது மேட்டில் கட்ட இடம் தேடுகிறார்கள். அப்பாவின் மேட்டு நிலத்தைக் கேட்டார்கள். கல்லறை இருக்கிற இடம் போக மீதிக்குப் பதினெட்டாயிரம் என்று பேசியிருக்கிறேன்.

ஆகஸ்டுக்கு முன்னால் ஹாஸ்கின்ஸின் ஆறாயிரத்து ஐந்நூறை இவள் அவர் முகத்துக்கு நேரே எண்ணிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். பழைய ஒன்பதாயிரம் கடனும் அதில் தீரும். மிச்சம் உனக்கு.

(இதை எழுதமாட்டேன் என்று பேனாவை வைத்துவிட்டேன். "நீ எழுதலேன்னா டெல்மர் எழுதுவான், அவன் கோழிக் கிறுக்கலைப் படிக்கப் பாவம் ஒலேட்டா கண்ணு" என்கிறார். எழுதுகிறேன். எனக்குச் சம்மதமில்லை என்பதையும் எழுதுகிறேன். டெஸ்ஸா.)

சம்மதமில்லையாம். இவள் சம்மதத்தை நான் கேட்கவில்லை. உன் சம்மதத்தைத்தான் கேட்கிறேன். நிலம் அப்பா எழுதிவைத்தபடி கிடக்கிறது. ஏழு பிள்ளைகள் பெயரும் போட்டு, சாகிறவர் பங்கு இருக்கிறவருக்கு என்று எழுதினார். நீ கையெழுத்துப் போடாமல் சும்மா இருந்தால், எனக்கப்புறம் மேடு முழுசும் உனக்கு வரும். என் மூச்சை வைத்துப் பார்த்தால் அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டை விற்கச் சொல்கிற உன் பையன்களுக்கு அதை வைத்து நீ பதில் சொல்லலாம். அதையும் நானே உனக்குச் சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கட்டு அவிழ்ந்தால் இவள் டேட்டனுக்கு வருவாளா, வேறெங்காவது சர்க்கார் வேலைக்குப் போவாளா, எனக்குத் தெரியாது. இவளும் சொல்லமாட்டேன் என்கிறாள். அந்த மாடி அறையைக் கையெழுத்துக்கு விலையாகக் கேட்காதே. கேட்டால் ஹாஸ்கின்ஸுக்கும் உனக்கும் வித்தியாசம் இல்லை. நான் இங்கே டெல்மர் மச்சினியை வாரம் நான்கு நாள் வரச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு உருளை மாற்றத் தெரியும். சமைக்கத் தெரியாது. பரவாயில்லை.

பத்திரம் எழுதுகிற ஆபீசிலிருந்து உனக்கு ஒரு தாள் வரும். உடம்பைப் பார்த்துக்கொள். கம்பைக் கையெட்டும் இடத்தில் வைத்துப் படு.

அண்ணன்
ஆர்வில்

பி.கு. அந்த ஆபீசில் நடந்ததையும் எழுதச் சொல்கிறேன். கண்ணாடி போட்ட சின்னப் பெண் ஒருத்தி பழைய பத்திரத்தை எடுத்துவைத்துக்கொண்டு, "இதுல ஏழு பேரு இருக்காங்களே ஐயா. உயிரோட இருக்கிறவங்க எல்லாரும் கையெழுத்துப் போடணும். ஒவ்வொருத்தரா சொல்லுங்க. ஹோபர்ட்?" என்று கேட்டாள்.

"நாலாம் நம்பர் சுரங்கத்துல கூரை விழுந்து. கல்யாணத்துக்குத் தச்ச கோட்டுலயே புதைச்சோம்."

"ஓப்பல்?"

"ரெண்டாவது பிரசவத்துல. டாக்டர் வண்டி ஆத்துல நின்னுடுச்சு."

"வெர்லின்?"

"டெட்ராய்ட்ல. கார் கம்பெனி வாசல்ல, சம்பள நாள் அன்னைக்கு."

"ஸெல்லா?"

"சர்க்கரை வியாதி. கடைசியில காலை எடுத்தாங்க."

"கிளெல்?"

"வெள்ளத்துக்கு முந்தின வசந்தம். நல்லவேளை, வீடு போனதை அவன் பாக்கலே."

"ஆர்வில்?"

"உங்க முன்னால நிக்கிறேன்."

அவள் ஒவ்வொரு பெயராகக் கோடு போட்டுக்கொண்டே வந்து, கடைசிப் பெயரில் பேனாவை நிறுத்தினாள். "அப்ப உங்களைத் தவிர இன்னும் உயிரோட இருக்கிறது யாரு?"

"ஒலேட்டா" என்றேன்.